வாட் கணக்கை விடுங்க, பவளத்துக்கு எட்டுற வெளிச்சத்தைப் பாருங்க

"அண்ணே, மூணடி தொட்டிக்கு எத்தனை வாட் லைட் வாங்கணும்?"

இந்தக் கேள்வி வாரம் தவறாம வருது. வாட்ஸ்அப்ல வருது. மீன் கடையில நிக்கும்போது வருது. கோயில் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருக்கும்போது கூட ஒருத்தர் கேட்டாரு.

கேக்கறவங்க மேல எனக்குக் கோவமே கிடையாது. லைட் பெட்டி மேல பெருசா அச்சடிச்சிருக்கறது வாட் தானே, அதைத்தான் கேப்பாங்க. எரிச்சல் வர்றது, உடனே ஒரு நம்பரைச் சொல்லி, இருக்கறதுலயே பெரிய லைட்டை எடுத்துக் கையில குடுத்துடறவங்க மேலதான். போன மாசம் ஒரு நண்பர் அப்படி ஒண்ணை வாங்கிட்டு வந்து நேரா நூறு சதவீதத்துல போட்டுட்டாரு. ஒரு வாரம் தாண்டல. அவரோட ஹேமர் பவளம் வெளுத்து, சதை உள்வாங்கி, உள்ள இருக்கற சுண்ணாம்பு விளிம்பு வெள்ளையா வெளிய தெரிய ஆரம்பிச்சிருச்சு. போட்டோ அனுப்பி கீழ எழுதியிருந்தாரு: "லைட் பத்தலையோண்ணே? இன்னொண்ணு வாங்கட்டுமா?"

அதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் போகும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

பவளம் செடி இல்ல, விலங்கு. இது தெரிஞ்சவங்க கூட லைட் வாங்கும்போது மறந்துடறாங்க. சின்னச் சின்ன வாய், வாயைச் சுத்திக் கொடுக்கு, அடியில தானே கட்டிக்கிட்ட சுண்ணாம்புக் கூடு. அந்தச் சதையோட உள்பக்க செல்களுக்குள்ள ஒற்றைச் செல் பாசி குடியிருக்கு. சூசாந்தெல்லேன்னு சொல்லுவாங்க. வெளிச்சம் தேவைப்படறது பவளத்துக்கு இல்ல, உள்ள இருக்கற இந்தக் குடித்தனக்காரங்களுக்கு. அவங்க வெளிச்சத்தை வச்சு சர்க்கரை, கிளிசரால் எல்லாம் செஞ்சு, அதுல பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே குடுத்துடறாங்க. ஆழம் குறைஞ்ச, தெளிவான கடல்ல ஒரு பவளத்தோட அன்றாட சக்தித் தேவையில 90 சதவீதம் வரைக்கும் இந்த வழியிலயே வந்துடும்.

இதைக் கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1928ல பிரிட்டன்லேருந்து மாரிஸ் யங் தலைமையில ஒரு குழு ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போச்சு. லோ ஐல்ஸ்ங்கற குட்டித் தீவுல ஒரு வருஷம் தங்கி ஆராய்ச்சி பண்ணாங்க. வெளிச்சம் புகாத பெட்டிக்குள்ள பவளங்களை மூடி, கடல்லயே வச்சுப் பாத்தாங்க. பவளம் பாசியை எல்லாம் வெளிய தள்ளிட்டு வெளுத்துப் போச்சு. ஆனா சாகல! தண்ணியில மிதந்து வர்ற நுண்ணுயிர்களைப் பிடிச்சுச் சாப்பிட்டுக்கிட்டு மாசக்கணக்குல உயிரோட இருந்துச்சு. அதனால யங், பாசியால பவளத்துக்குச் சாப்பாடு எதுவும் கிடைக்கலன்னு முடிவு பண்ணிட்டாரு. அந்த முடிவு பின்னாடி மாறிப்போச்சு. 1969ல லியோனார்ட் மஸ்காட்டினும் செர்னிச்சியாரியும் கதிரியக்கக் கார்பனை வச்சு, பாசி செஞ்ச சாப்பாடு பவளத்தோட உடம்புக்குள்ள போய்ச் சேர்றதைக் காட்டினாங்க.

முடிவு மாறினாலும் அந்த இருட்டுப் பெட்டியில ஒரு பாடம் அப்படியே இருக்கு. வெளிச்சம் குறைஞ்சா பவளம் மெதுவா வாடும். கவனிக்க, இடம் மாத்த, திருத்த உங்களுக்கு நேரம் இருக்கு. வெளிச்சம் கூடிப்போனா அந்த நேரம் கிடைக்காது. பாசி தாங்கற அளவுக்கு மேல வெளிச்சம் விழுந்தா, செல்லுக்குள்ள ஆக்சிஜன் நச்சா மாற ஆரம்பிக்கும். பவளம் தன்னைக் காப்பாத்திக்க பாசியையே வெளியேத்திடும். சில நாள் போதும். தண்ணிச் சூடும் சேந்துக்கிட்டா இன்னும் வேகம்.

அதனால சந்தேகம் வந்தா குறைச்சு வைங்க. இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றதே இதுதான், மத்ததெல்லாம் இதுக்கான காரணங்கள்.

சரி, வாட்டுக்கு வருவோம்.

வாட்ங்கறது லைட்டு எவ்வளவு கரண்ட் இழுக்குதுங்கற கணக்கு. அது உங்க கரண்ட் பில்லுக்கு உதவும். எல்லாரும் ஒரே மாதிரி ட்யூப் லைட் போட்ட காலத்துல 'காலனுக்கு இத்தனை வாட்'னு ஒரு கணக்கு ஓடுச்சு, அப்போ அதுல ஓரளவு அர்த்தமும் இருந்துச்சு. அப்புறம் 250 வாட், 400 வாட் மெட்டல் ஹாலைட் வந்துச்சு (இங்க சிங்கப்பூர் வெக்கையில அதைப் போட்டவங்க தண்ணியைக் குளிர வைக்கற சில்லருக்கே தனியா அழுதாங்க). இப்போ எல்இடி. ஒரே வாட்ல ஒரு கம்பெனி லென்ஸ் போட்டு வெளிச்சத்தைக் குறுக்கி அடிக்குது, இன்னொண்ணு பரப்பி விடுது. ஒருத்தர் தண்ணிக்கு மேல ஒரு சாண்ல தொங்க விடறாரு, இன்னொருத்தர் ரெண்டடி மேல. இதுல வாட்டை மட்டும் வச்சு என்ன சொல்ல முடியும்?

அடுத்து லக்ஸ். போன்ல ஆப் போட்டு அளந்துட்டேன்னு சந்தோஷமா சொல்றவங்க இருக்காங்க. லக்ஸ் மனுஷக் கண்ணுக்கான அளவு. நம்ம கண்ணு 555 நானோமீட்டர்ப் பக்கம், அதாவது பச்சை மஞ்சளுக்குத்தான் அதிகம் மயங்கும். ரீஃப் லைட்டோ 450 பக்கம் நீலத்தைக் கொட்டுது. நீலத்தை லக்ஸ் மீட்டர் கணக்குலயே பெருசா எடுத்துக்காது. மீட்டர்ல குறைவா காட்டும், பவளத்து மேல நிறைய விழும். சூரிய வெளிச்சமா இருந்தா லக்ஸை 54ஆல வகுத்து ஒரு குத்துமதிப்புக்கு வரலாம். நீல எல்இடிக்கு அந்த வகுத்தல் உதவாது.

நமக்கு வேண்டிய அளவு 'பார்' (PAR). 400லேருந்து 700 நானோமீட்டர் வரைக்கும், அதாவது ஒளிச்சேர்க்கைக்கு உதவற ஒளித்துகள் ஒரு சதுர மீட்டர்ல ஒரு நொடிக்கு எத்தனை விழுதுங்கற எண்ணிக்கை. அலகு மைக்ரோமோல். கீழ நான் 100, 200ன்னு சொல்றதெல்லாம் இந்த அளவுதான். உச்சி வெயில்ல கடல் மேற்பரப்புல கிட்டத்தட்ட 2,000 இருக்கும்.

'அப்போ தொட்டியிலயும் 2,000 குடுத்தாத்தானே பவளம் கடல்ல இருக்கற மாதிரி வளரும்?'னு ஒரு தம்பி கேட்டாரு. நல்ல கேள்வி. மூணு காரணம் சொன்னேன்.

முதல்ல, 2,000ங்கறது மேகம் இல்லாத நாள்ல உச்சி வேளையில மட்டும். காலையில, சாயந்திரம் அதுல ஒரு பங்குதான். நம்ம லைட்டோ எரியற நேரத்துல பெரும்பகுதி ஒரே முழு அளவுல எரியுது.

ரெண்டாவது, தண்ணி வெளிச்சத்தைத் தின்னுடும். சிவப்பை முதல்ல, நீலத்தைக் கடைசியா. தெளிவான கடல்லயே பத்து மீட்டர் போனா மேல இருந்ததுல பாதிக்கும் கீழ. எங்க சிங்கப்பூர்க் கடலைப் பாத்தா உங்களுக்கு இன்னும் புரியும். தூர்வாரல், கடலை மண் போட்டு நிரப்பறதுன்னு பல வருஷமா தண்ணி கலங்கியே இருக்கு. மேல விழற வெளிச்சத்துல பெரும்பகுதி அஞ்சு மீட்டர் தாண்டறதுக்குள்ளயே காணாமப் போயிடும். பத்து மீட்டருக்குக் கீழ பவளம் அபூர்வம். ஆனாலும் இந்தக் கலங்கல் தண்ணியில 250 வகை போல கல்பவளம் வாழுது! சிஸ்டர்ஸ் தீவுப் பக்கம் தண்ணி வத்தும்போது நடந்து போய்ப் பாத்தா, பெக்டினியா, மெருலினா, பேக்கிசெரிஸ்னு இலை விரிச்ச வடிவங்கள்தான் அதிகம் கண்ணுல படும். கிடைக்கற கொஞ்சூண்டு வெளிச்சத்தை அகலமா விரிஞ்சு வாங்கிக்குதுங்க. லெப்டோசெரிஸ்னு ஒரு இனம் இருக்கு. அது நல்ல தெளிவான பெருங்கடல்ல 150 மீட்டருக்கும் கீழ, நமக்கு ராத்திரின்னு தோணற இடத்துல, பாசியோட வாழுது.

மூணாவது காரணம்தான் பெரிசு. பாசிக்கு ஒரு எல்லை இருக்கு. வெளிச்சம் ஏற ஏற ஒளிச்சேர்க்கை ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல ஏறாது. நம்ம வளக்கற பல பவளங்களுக்கு அந்தக் கட்டம் 200லேருந்து 400க்குள்ளயே வந்துடுது. அதுக்கு மேல விழறது, பந்தியில வயிறு நிறைஞ்சு இலையை மூடப்போறவருக்கு மறுபடியும் சோறு வைக்கற கதைதான். பாசி அந்த உபரியைச் சூடா மாத்தி வெளிய விடப் பாக்கும். அதுக்குன்னே தனி நிறமிகள் வச்சிருக்கு. அதுவும் முடியாதப்போதான் நான் முன்ன சொன்ன வெளுக்கறது.

இதெல்லாம் சும்மா வந்த அறிவு இல்லைங்க. சஞ்சய் ஜோஷின்னு அமெரிக்காவுல, பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல தொழிற்பொறியியல் பேராசிரியர். பவளத்தொட்டி வச்சிருக்கற ஆர்வத்துல, மெட்டல் ஹாலைட் பல்புகளை ஒவ்வொண்ணா அளந்து, எது எவ்வளவு, என்ன நிறம்னு எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தாரு. டேனா ரிடில்னு இன்னொருத்தர் பவளத்தோட ஒளிச்சேர்க்கையையே கருவி வச்சு அளந்து, 'இந்த அளவுக்கு மேல இதுக்கு உபயோகம் இல்ல'ன்னு காட்டினாரு. விளம்பரத்துல வர்ற சத்தத்துக்கு நடுவுல இப்படி அளந்து சொன்னவங்களுக்கு நாம ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்.

இப்போ என் தொட்டி. மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ரெண்டு எல்இடி, தண்ணிக்கு ஒரு சாண் மேல.

நல்ல பார் மீட்டர் விலை அதிகம், ஒரு நல்ல லைட்டே வாங்கிடலாம். அதனால இரவல்தான். அப்போஜி கம்பெனியோட எம்க்யூ-510, தண்ணிக்குள்ள வைக்கறதுக்குன்னே செஞ்சது. (பழைய மாடல் சிலது நீலத்தைக் குறைச்சுக் காட்டும். இரவல் வாங்கும்போது எந்த மாடல்னு கேட்டுக்கோங்க.) நீளமான ஒரு குச்சி, அதோட முனையில சென்சார், இந்தப் பக்கம் எண் காட்டற பெட்டி. சென்சாரை மேல பாத்து நிமித்தி, பவளம் இருக்கற அதே இடத்துல, அதே உயரத்துல பிடிக்கணும். சாஞ்சா எண் கீழ இறங்கிடும்.

சென்சாரைத் தண்ணியில விட்டதும் எண் ஒரு இடத்துல நிக்காது. 280, 350, 305ன்னு துள்ளும். மேல தண்ணி அலையடிக்க அடிக்க, ஒவ்வொரு அலையும் வெளிச்சத்தை ஒரு நொடி குவிச்சு, அடுத்த நொடி சிதறடிக்குது. பாறை மேல நெளிஞ்சு ஓடற வெளிச்சக் கோடு பாத்திருப்பீங்களே, அதுதான். பம்ப்பை நிறுத்திட்டு அளங்க.

பாறை உச்சியில, இடது லைட்டுக்கு நேர் கீழ: 310.
அதே உயரத்துல ஒரு சாண் தள்ளி: 190.
நடு மணல்: 130.
முன்பக்க இடது மூலை மணல்: 55.
பாறை விளிம்புக்கு அடியில, குகை வாசல்ல: 18.

ஒரே தொட்டி, ஒரே லைட், அதே வாட். 310க்கும் 18க்கும் நடுவுல ஒரு முழம் தூரம் கூட இல்ல.

இதுல என்னை அசர வச்சது அந்த மூலையும் குகை வாசலும்தான். கண்ணால பாத்தா நடு மணலுக்கும் மூலைக்கும் பெருசா வித்தியாசமே தெரியாது. நம்ம கண்ணு எந்த வெளிச்சத்துக்கும் உடனே தன்னைச் சரிபண்ணிக்கும், அதுல அது கெட்டி. அதனாலதான் 'பாக்க நல்லா பிரகாசமா இருக்கு'ங்கறதை நான் ஒரு அளவாவே எடுத்துக்கறதில்ல.

ஆக, 'என் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம்?'னு ஒரு எண் கிடையாது. இடத்துக்கு இடம்தான். நல்ல சேதி என்னன்னா, ஒரே தொட்டிக்குள்ள எல்லா விதப் பவளத்துக்கும் ஒரு இடம் இருக்கும். தேடி வைக்கணும், அவ்வளவுதான்.

யாருக்கு எந்த இடம்? மஷ்ரூம் வகைக்கு 50 போதும், அதுக்கும் கீழ கூட சந்தோஷமா இருக்கும். ஜோவா, லெதர் மாதிரி மென்பவளங்களுக்கு 50லேருந்து 120 வரை. ஹேமர், டார்ச், ஃப்ராக்ஸ்பான், அகான்னு பெரிய வாய் உள்ள எல்பிஎஸ் வகைக்கு 80லேருந்து 150. மான்டிபோராவுக்கு 150லேருந்து 250. அக்ரோபோராவுக்கு 200லேருந்து 350. இது என் தொட்டியிலயும் நண்பர்கள் தொட்டியிலயும் பாத்து, படிச்சு, சரின்னு பட்ட அளவு. இதுக்கு வெளிய நல்லா வளர்ற பவளமும் இருக்கும், மெதுவா பழக்கினா.

சன் கோரல் மட்டும் இந்தக் கணக்குக்குள்ளயே வராது. அதுக்கு உள்ள பாசியே இல்ல, வெளிச்சமே வேணாம். ஆனா ஒவ்வொரு வாய்க்கும் சாப்பாடு ஊட்டணும். வேலைக்குப் போறவங்க யோசிச்சு வாங்குங்க.

கலப்புத் தொட்டி, முதல் வருஷம், என்ன பண்றதுன்னு கேட்டா நான் கண்ணை மூடிட்டுச் சொல்றது: மணல்ல 80லேருந்து 100, பாறை உச்சியில 200. அதுக்கு மேல போகாதீங்க. முதல் வருஷத்துல தண்ணியே இன்னும் நிலைக்கு வந்திருக்காது. வெளிச்சம் ஏறினா பவளம் வேகமா கூடு கட்டும், அதுக்குக் காரத்தன்மையும் கால்சியமும் கூடவே வேணும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சமாவது இருக்கணும். வெளிச்சத்துல பவளம் சுண்ணாம்பு படிய வைக்கற வேகம் இருட்டுல இருக்கறதை விட சராசரியா மூணு மடங்கு. அந்த வேகத்துக்குத் தண்ணி ஈடு குடுக்கலன்னா நுனி கருகும், நிறம் போகும். நீங்க மறுபடி லைட்டைத்தான் சந்தேகப்படுவீங்க, இன்னும் ஏத்துவீங்க.

நான் செஞ்சு பாத்து ரொம்ப ரசிச்ச ஒரு விஷயம். ஒரே மான்டிபோராவுலேருந்து ரெண்டு துண்டு ஒடிச்சேன். ஒண்ணு உச்சியில 300 பக்கம், இன்னொண்ணு கீழ 120 பக்கம். அதே தண்ணி, அதே சாப்பாடு. சில மாசத்துல பாத்தா ரெண்டும் ஒரே பவளம்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க. மேல இருந்தது தடியா, மேடு மேடா, வெளிர் ஆரஞ்சு. கீழ இருந்தது மெல்லிசா, அகலமா ஒரு தட்டு விரிச்சு, கருஞ்செங்கல் நிறம். கிட்டப் போய்ப் பாத்தா கீழ்த்துண்டோட ஓரம் ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளையா இருந்துச்சு, அதுதான் புதுசா வளர்ற விளிம்பு. ரெண்டுமே நல்ல ஆரோக்கியம்! குறைஞ்ச வெளிச்சத்துல பாசி தன்னோட நிறமியைக் கூட்டிக்குது, எண்ணிக்கையும் கூடலாம். அதான் அந்தக் கருமை. 'பவளம் பழுப்பாயிடுச்சு, சாகப் போகுது'ன்னு பதறி லைட்டை ஏத்தறவங்களுக்கு இந்த ரெண்டு துண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டணும் போல இருக்கு. பழுப்பு பசி இல்ல. உங்களுக்கு நிறம் வேணும்னா மேல கொண்டு போங்க, அது வேற விஷயம். மெதுவா கொண்டு போங்க.

ஏன் மெதுவான்னா, இந்த மாத்தம் எல்லாம் ஒரு ராத்திரியில நடக்கறது இல்ல, வாரக்கணக்காகும். கடையிலேருந்து புதுசா ஒண்ணு வந்தா முதல்ல மணல்ல வைங்க. லைட்டை ஏத்தணும்னா வாரத்துக்கு அஞ்சு சதவீதம் போதும். இப்போ வர்ற பல லைட்டுல இதுக்குன்னே ஒரு செட்டிங் இருக்கு. இல்லையா, லைட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல கொசுவலைத் துணியை ரெண்டு மூணு மடிப்பா போட்டு, வாரம் ஒரு மடிப்பா எடுங்க. செலவே இல்ல, அருமையா வேலை செய்யும்.

லைட்டைத் தொடாமலே வெளிச்சம் ஏறற சந்தர்ப்பமும் இருக்கு, இதைப் பலர் கவனிக்கறதில்ல. தண்ணியைச் சுத்தப்படுத்தப் போடற கார்பனை ரொம்ப நாளா மாத்தாத தொட்டியில தண்ணி லேசா மஞ்சளா இருக்கும். தினம் பாக்கற கண்ணுக்குத் தெரியாது. ஒரு வெள்ளை பக்கெட்டுல மொண்டு ஊத்திப் பாத்தா தெரியும். அந்த மஞ்சள் நீல வெளிச்சத்தைத்தான் அதிகம் குடிச்சுக்கிட்டு இருக்கும். புதுக் கார்பன் நிறையப் போட்டா ஒரே நாள்ல தண்ணி பளிச்சுனு ஆகி, பவளத்து மேல திடீர்னு கூடுதல் வெளிச்சம். அதே போல லைட் கண்ணாடியில ஏறின உப்புப் படலம். ஈரத்துணி வச்சுத் துடைக்கறதுக்கு முன்னயும் பின்னயும் அளந்து பாருங்க, எண் ஏறியிருக்கும். அதனால கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, கண்ணாடியை வாராவாரம் துடைங்க. விட்டு விட்டுச் செய்யறதுதான் பவளத்துக்கு ஆகாது.

நேரம். பார் எண்ணை மட்டும் பாத்தாப் போதாது, எத்தனை மணி நேரம்னும் பாக்கணும். 200 அளவுல பத்து மணி நேரம் எரிஞ்சா ஒரு நாளைக்கு 7.2 மோல். 100 அளவுல அதே பத்து மணி நேரம்னா 3.6. வெப்பமண்டலக் கடல் மேற்பரப்புல நல்ல வெயில் நாள்ல 40 மோலுக்கு மேலயே விழுது, ஆனா பவளம் அதைக் கீழ ஆழத்துல உக்காந்து வடிகட்டித்தான் வாங்குது. நான் முழு வெளிச்சம் எட்டு மணி நேரம், ஏறறதுக்கும் இறங்கறதுக்கும் முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் வைக்கறேன். வெளிச்சம் பத்தலன்னு பதினாலு மணி நேரம் எரிய விடறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. பவளத்துக்கு இருட்டும் வேணும். பல வகை கொடுக்கை முழுசா நீட்டி இரை பிடிக்கறதே ராத்திரியிலதான்.

ஜன்னல் வெயில்ல வைக்கலாமான்னு சிலர் கேக்கறாங்க. சூரியனை மட்டும் நம்பி வளத்தவங்க உண்டு. ஜகார்த்தாவுல லீ சின் எங்னு ஒருத்தர், உயிருள்ள பாறை, காத்துக் குமிழி, இயற்கை வெளிச்சம், இவ்வளவையே வச்சுக் கடல் தொட்டி நடத்தினாரு, 1961லயே அதைப் பத்தி எழுதியும் இருக்காரு. அது பிரமாதமான சாதனை. ஆனா அடுக்குமாடி வீட்டு ஜன்னல்ல அது நடக்காது. நில நடுக்கோட்டுக்குப் பக்கத்துல உச்சி வெயில் தலைக்கு நேர் மேல நிக்கும், ஜன்னலுக்குள்ள வராது. வர்றது காலை வெயிலோ சாயந்திர வெயிலோ, சாய்வா ஒரு பக்கக் கண்ணாடியில அடிச்சு, அந்தப் பக்கம் பச்சைப் பாசியையும் தண்ணியில சூட்டையும் ஏத்திட்டுப் போகும்.

அடுத்து, நீலம். கடைக்குப் போனா எல்லாத் தொட்டியும் கும்முனு நீலமா இருக்கும், பவளம் எல்லாம் பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்புன்னு நியான் அடிக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்து வெள்ளை கலந்து போட்டா பாதி நிறம் காணோம். பவளத்துச் சதையில ஒளிரும் புரதங்கள் இருக்கு, அது நீலத்தை வாங்கி வேற நிறத்துல திருப்பி விடுது, அதான் அந்த ஜொலிப்பு. பாசிக்கும் நீலம் நல்லா உபயோகப்படும். அதோட நிறமிகளான குளோரோஃபில் ஏ, சி2, பெரிடினின் மூணும் நீலப் பக்கத்தை நல்லா உறிஞ்சும். அதனால நீலம் தூக்கலா இருக்கறதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. எனக்கு வருத்தம் என்னன்னா, முழு நீலத்துல பவளத்தோட உடம்பு நிலைமை தெரியறதே இல்ல. வெளுத்துப்போன பவளம் கூட நீலத்துக்குக் கீழ அட்டகாசமா ஜொலிக்கும். கடையில வாங்கும்போது, "கொஞ்சம் வெள்ளை லைட் போட்டுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. கேக்கறதுக்குத் தயங்காதீங்க, நீங்க குடுக்கறது உங்க காசு.

லைட் எத்தனைன்னா, ஒரு பெரிய லைட்டை விட ரெண்டு சின்ன லைட்டுக்குத்தான் என் ஓட்டு. ஒரே இடத்துலேருந்து வெளிச்சம் வந்தா நிழல் ரொம்ப அழுத்தமா விழும். அக்ரோபோரா மாதிரி கிளை கிளையா வளர்றது தன் மேல தானே நிழல் போட்டுக்கும். மேல் கிளைக்கு 350, அடிக்கிளைக்கு 30. அடியில சதை மெல்ல உரிஞ்சு வர்றதுக்குப் பல வீட்டுல இதுவும் ஒரு காரணம். ரெண்டு பக்கத்துலேருந்து மிதமா வர்ற வெளிச்சம் அந்த அடிக்கிளையையும் எட்டும்.

தமிழ்நாட்டுலேருந்து படிக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். இந்தியாவுல கல்பவளம் எல்லாம் 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, 2001லேருந்து. கருப்புப் பவளம், தீப்பவளம், கடல்விசிறி, ஆர்கன் பைப் பவளமும் அதுல சேத்தி. எடுக்கறது, விக்கறது எல்லாமே குற்றம். தூத்துக்குடியிலேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் மன்னார் வளைகுடாவுல 21 தீவைச் சுத்தி இருக்கற பவளத்தை ஒரு காலத்துல சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே அழிச்சாங்க. மிச்சம் இருக்கறது 2010லயும் 2016லயும் கடல் சூடாகி வெளுத்துச்சு. 'ராமேஸ்வரம் சரக்கு, உயிரோட வரும்'னு யாராவது சொன்னா, நீங்க வாங்கற ஒவ்வொரு துண்டும் அங்கேருந்து பேத்து எடுத்ததுதான். வேணாங்க. அங்கயே போய், அனுமதி இருக்கற இடத்துல, படகுலேருந்து பாத்துட்டு வாங்க. கல்பவளத்துக்கு உலக அளவுலயும் சைட்டிஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல் கட்டுப்பாடு இருக்கு, நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேணும். இங்க சிங்கப்பூர்ல வாங்கறவங்களும் தொட்டியில வெட்டி வளத்த துண்டாப் பாத்து வாங்குங்க. அது ஏற்கெனவே லைட்டுக்குப் பழகினதுங்கறதால உங்க தொட்டியிலயும் சீக்கிரம் ஒட்டிக்கும்.

பின்னூட்டத்துல கேள்வி கேக்கறவங்க இதெல்லாம் சேத்து எழுதுங்க: தொட்டி நீளம், தண்ணி ஆழம், லைட் தண்ணிக்கு எவ்வளவு மேல, எத்தனை சதவீதத்துல, எத்தனை மணி நேரம், எந்தப் பவளம், எந்த இடத்துல. கூடவே ஒரு போட்டோ. லைட்டை வெள்ளைக்கு மாத்தி, பம்ப்பை நிறுத்தி, பவளம் விரிஞ்சிருக்கற நேரமாப் பாத்து எடுங்க. நீலத்துல எடுத்த போட்டோ எவ்வளவு அழகா இருந்தாலும் அதை வச்சு என்னால ஒரு வார்த்தை சொல்ல முடியாது.